கடைசி ஆள் வந்து சேரும் நேரம்

(பீடோரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மலையைப் பற்றிப் பேசுவதற்குப் பீடோரைவிடத் தோதான ஊர்கள் குறைவு. கடைத்தெருவிலிருந்து கிழக்கே தலையைத் திருப்பினால் போதும், தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. ஈயம் வாரிய குட்டைகளும், கித்தா போய்ச் செம்பனை வந்த தோட்டங்களும், கொய்யாத் தோப்புகளும் அதன் காலடியில்தான் கிடக்கின்றன. அப்படியிருந்தும் இந்த ஊர்ப் பிள்ளைக்கு மலையேறும் ஆசை வந்தால், அவன் முதலில் நினைப்பது சபாவின் கினபாலுவை, அடுத்து இமயத்தை. ஏன் என்று கேட்டால் உயரத்தைச் சொல்வான். கினபாலு 4,095 மீட்டர். நம் பேராக்கின் கோர்பு 2,183 மீட்டர், ஏறத்தாழ பாதி. இந்தக் கணக்கு தவறு என்பதே இன்று நான் வைக்கும் வாதம். பல நாள் நடந்து பல சிகரங்களைக் கடக்கும் மலைநடைக்கு உயரம் அளவுகோல் ஆகாது. குழுவின் கடைசி ஆள் அன்றைய முகாமுக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்கிறார் என்பதைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும். இதை ஒப்புக்கொண்டால், யாரோடு போவது, எதைச் சுமப்பது, எப்போது திரும்புவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை மாறிவிடும்.

முதலில் கினபாலுவையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் ஏறும் பாதை சுமார் 1,860 மீட்டர் உயரத்தில் இருக்கும் திம்போஹோன் வாசலில் தொடங்குகிறது. அதாவது, மலையின் கணிசமான பகுதியை வண்டியே ஏறிவிடுகிறது. வழி நெடுகப் படிகள், ஒதுங்க நிழற்கூரைகள். பனாலாபான் தங்குமிடத்தில் கட்டிலும் சுடுசோறும் உண்டு. மேலே பாறையில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருக்கிறார்கள். காற்று மெலிந்து தலை வலிக்கும், குளிர் எலும்பில் இறங்கும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு நாளில் ஏறி இறங்கிவிடலாம். முதல்முறையாக மலையேறுகிறவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அதைச் செய்கிறார்கள்.

கோர்புவின் கதை வேறு. தீபகற்பத்தில் 7,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் ஏழு. தாஹான், கோர்பு, யோங் பெலார், காயோங், சாமா, யோங் யாப், உலு செப்பாட் ஆகிய இந்த ஏழையும் மலையேறிகள் ‘ஜி 7’ என்பார்கள். இவற்றில் தாஹானைத் தவிர மற்றவை தித்திவங்சாவில் இருக்கின்றன. அதிலும் யோங் பெலார், காயோங், கோர்பு மூன்றும் ஒரே முகட்டு வரிசையில் வருகின்றன. கேமரன் மலையின் வடக்கே லோஜிங் பக்கம் ஏறி, யோங் பெலாரின் 2,181 மீட்டரைத் தொட்டு, இறங்கி, மறுபடி ஏறி, காயோங்கின் 2,173 மீட்டரையும் கோர்புவையும் கடந்து, ஈப்போவுக்குப் பக்கத்தில் உலு கிந்தாவில் வெளியே வருவதை ‘டிரான்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வழக்கமாக நான்கு நாள், மூன்று இரவு. உள்ளே நுழைந்தபின் சாலை கிடையாது, கட்டில் கிடையாது, கைப்பேசிக்குத் தொடர்பும் பெரும்பாலான இடங்களில் கிடையாது. முகாம் என்பதே நான்கு தார்ப்பாய் கட்டுமளவு சமன்பட்ட ஒரு துண்டு நிலம். துடோங் பெரியுக், காசுட், செரோஜா, கீஜாங் என்று அவற்றுக்குப் பெயர்; சட்டிமூடி, காலணி, தாமரை, மான். மாபெரும் மலைக்குள் இத்தனை எளிய பெயர்கள் வைத்தவர்கள் யாரோ, அவர்களை எனக்குப் பிடிக்கும்.

உயரம் ஏன் ஏமாற்றுகிறது என்பதை ஒரு பழைய விதியைக் கொண்டு விளக்கலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் மலைநடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். உலகமெங்கும் இன்றும் இதை வைத்துத்தான் வரைபடத்தின் முன் உட்கார்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி நேரம் என்று இந்த விதி சொல்லும். தித்திவங்சா முகட்டில் அதே தூரத்துக்கு விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஆகலாம். அங்கே கால் வைப்பது தரையின் மேல் அல்ல. பாசி மூடிய வேர்ப்பின்னலின் மேல் வைக்கிறோம். சில இடங்களில் அதற்கடியில் இடுப்பளவு வெற்றிடம் இருக்கும். சுமார் 1,500 மீட்டருக்கு மேல் மேகக்காடு தொடங்குகிறது. மரங்கள் குட்டையாகி, கிளைகள் முறுக்கிக்கொண்டு, பையோடு குனிந்தும் தவழ்ந்தும் போக வைக்கின்றன. வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரம் என்பதற்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி, இறங்கியதை மறுபடி ஏற வேண்டியிருக்கும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே அது நல்ல குழு.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் சாமோனியிலிருந்து செர்மாட்டுக்குப் போகும் தொடர்நடை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. பனியாறும் பாறைப் பிளவும் உள்ள ஆபத்தான வழிதான். என்றாலும் பெரும்பாலும் ஒவ்வொரு மாலையும் ஒரு குடில் காத்திருக்கும். வானம் தெளிந்தால் ஹெலிகாப்டர் இறங்கும். நம் முகட்டில் மரக்கூரை மூடிய பள்ளத்தில் ஒருவர் கால் முறிந்து கிடந்தால், மீட்புப் படையினர் நடந்துதான் வர வேண்டும். தூக்குப்படுக்கையில் வைத்து நடந்துதான் இறக்க வேண்டும். சாலையிலிருந்து எத்தனை நாள் தூரத்தில் இருக்கிறோம் என்பதுதான் இங்கே உண்மையான உயரம்.

இதற்கு நம் ஊர் மலையே சாட்சி. பிரெட்ரிக் ஸ்பென்சர் சாப்மன் என்ற ஆங்கிலேயர் 1937 மே மாதம், பாசாங் தாவா லாமா என்ற ஷெர்ப்பாவோடு, திபெத்–பூட்டான் எல்லையில் 7,300 மீட்டருக்கு மேற்பட்ட சோமோல்ஹாரியின் உச்சியைத் தொட்டவர். அதற்குமுன் அதில் ஏறியவர் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் 1942இல் ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாவில் சிக்கி, பகாங் பக்கமிருந்து தஞ்சோங் மாலிம் பக்கம் இந்தத் தொடரைக் கடந்தார். கணக்குப் போட்டதைவிட அதிக நாள் பிடித்தது, கைவசமிருந்த உணவு சுருங்கியது. சோமோல்ஹாரியின் மூன்றில் ஒரு பங்குகூட உயரம் இல்லாத மலை அவரை அந்தப் பாடுபடுத்தியது. 1943இன் இறுதியில் அவர் வந்து சேர்ந்தது, இதோ பீடோருக்கு மேலே பிளாந்தானில் இருந்த முகாமுக்கு. படை 136 என்ற பிரிட்டிஷ் இரகசியப் படையைச் சேர்ந்த ஜான் டேவிஸும் ரிச்சர்ட் புரூமும் அங்கே இருந்தார்கள். படை 136க்கும் மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கும் உடன்பாடு எழுதப்பட்டதும் அங்கேதான். 1949இல் வெளிவந்த தம் நூலில் சாப்மன் சொல்லும் ஒரு செய்தி நமக்கு வேண்டியது. காட்டில் பின்தங்கிப்போன சிப்பாய்கள் பலர் சில மாதங்களிலேயே இறந்தார்கள். அவர்களை வீழ்த்தியது காட்டைவிட, காடு தங்களைக் கொன்றுவிடும் என்ற அவர்களுடைய நினைப்புத்தான் என்பது அவர் கணிப்பு. அந்தக் கணிப்பை நான் முழுதாக ஏற்கவில்லை. மலேரியாவும் பட்டினியும் நினைப்பைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் தனித்து விடப்பட்டவன் சீக்கிரம் தளர்கிறான் என்ற அளவில் அது சரி.

இங்கிருந்துதான் நண்பர்களைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். நான்கு நாள் நடைக்கு ஆளுக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் சுமை வரும். அரிசி, கருவாடு, சம்பால், மாற்றுத்துணி, உறங்குபை போன்றவற்றை அவரவர் சுமந்துவிடலாம். தார்ப்பாய், சட்டி, அடுப்பு, எரிவாயுக் குப்பி, மருந்துப்பெட்டி ஆகியவற்றைப் பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும். குழுவில் பத்துப் பேர் என்றால், பங்கு போட்ட அந்த நிமிடமே பத்துப் பேரும் ஒரே உடம்பாகிவிடுகிறார்கள். அடுப்பு வேகமானவன் பையில் இருக்கிறது, எரிவாயு மெதுவானவன் பையில் இருக்கிறது என்று வையுங்கள். வேகமானவன் மாலை நான்கு மணிக்கே முகாமில் உட்கார்ந்துவிட்டான். மெதுவானவன் இருட்டியபின் ஏழரைக்கு வருகிறான். அதுவரை முன்னவனுக்குத் தேநீர்கூட இல்லை; மூன்றரை மணி நேரம் நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்ததுதான் அவன் வேகத்துக்குக் கிடைத்த பலன். தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும்: கடைசி ஆளின் வாளி தராசில் ஏறும்வரை லோரி கிளம்பாது. ஆகவே அறிவுள்ள குழு என்ன செய்யும்? மெதுவானவன் பையிலிருந்து மூன்று கிலோவை எடுத்து வேகமானவன் பையில் வைக்கும். இதில் இரக்கம் எதுவும் இல்லை, கணக்குத்தான். பத்துப் பேரும் சாப்பிடும் நேரம் முன்னுக்கு வருகிறது.

தண்ணீரும் இதே பாடத்தைத்தான் நடத்துகிறது. மழை ஓயாத மலை, தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். பள்ளத்தாக்கில் ஆறு ஓடும், முகட்டில் ஓடாது. ஒரு நீரிடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரைநாள் நடை இருக்கலாம். கிடைக்கும் இடத்திலும் பாறை இடுக்கில் கசிவதுதான் உண்டு. ஓர் இலையை மடித்துச் சேற்றில் செருகி, அதன் நுனியைப் போத்தல் வாய்க்குள் விட்டுக் காத்திருப்பார்கள். சொட்டுச் சொட்டாக ஒன்றரை லிட்டர் நிறையப் பத்து நிமிடம் ஆனால், ஆளுக்கு இரண்டு போத்தல் வீதம் பத்துப் பேருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். முதலில் வந்தவன் தன் போத்தலை மட்டும் நிரப்பிக்கொண்டு போனால், கடைசி ஆள் களைத்து வந்து மற்றவர்கள் கிளம்பியபின் இலையின் முன் தனியே உட்கார வேண்டும். அவன் இன்னும் பின்தங்குவான். நம் நாட்டு மலையேறிகள் களைத்துப் பின்தங்குவதை ‘பெவாய்’ என்று கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கேலியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெவாய் என்று பெயர் வாங்கப் பயந்தவன், முட்டி வலியையும் தலைச்சுற்றலையும் யாரிடமும் சொல்லமாட்டான். மேலே குளிரும் சேர்ந்துகொள்ளும்: உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு பாகையளவு குறைகிறது. ஈப்போவில் வியர்க்கும் இரவில் கோர்பு முகட்டில் பத்துப் பாகையை ஒட்டியிருக்கலாம். பனியே இல்லாத நாட்டிலும் நனைந்த உடம்பு காற்றில் குளிர்ந்து, நினைவு தடுமாறி, ஆள் விழுந்துவிட முடியும். அதைக் கண்டுபிடிக்கிறவன் பக்கத்தில் நடக்கும் நண்பன்தான். வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவன் ஒரு மணி நேரமாக வாய் திறக்கவில்லை என்பது, காசு கட்டிச் சேர்ந்த அந்நியர்கள் குழுவில் யாருக்கும் தெரியாது.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது இதுதான்: நண்பர்களோடு போவது இன்னும் ஆபத்து. திரும்பலாம் என்று சொல்ல நண்பனுக்கு நாக்கு எழாது. ஒருவர் ஆசையை இன்னொருவர் கெடுக்க விரும்பமாட்டார். எல்லாருமாகச் சேர்ந்து தவறான முடிவெடுப்பார்கள். இதில் பெரும்பகுதி உண்மை. நட்பு மட்டும் போதாது என்று நானும் சொல்கிறேன். அதற்குத் தீர்வு நட்பை விடுவது அல்ல, மலைக்குப் போகுமுன்பே வாக்குக் கொடுத்துக்கொள்வது. இன்ன மணிக்குள் இன்ன இடத்தைக் கடைசி ஆள் தாண்டவில்லையென்றால் எல்லாரும் திரும்புகிறோம் என்று கீழேயே பேசி முடித்துவிட்டால், மேலே யாரும் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை. 1953 எவரெஸ்ட் பயணத்தை நினைத்துப் பாருங்கள். உலகம் ஹிலரியையும் தென்சிங்கையும் அறியும். அவர்களுக்கு மூன்று நாள் முன்னதாக, மே 26 அன்று, சார்ல்ஸ் எவான்ஸும் டாம் பூர்திலோனும் உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே நின்று திரும்பினார்கள். பிராணவாயுக் கருவி தொல்லை கொடுத்தது, நேரம் கடந்துவிட்டது. எட்டிவிடும் தூரம், ஆனாலும் திரும்பினார்கள். அவர்கள் வழியில் விட்டுவந்த பிராணவாயுக் குப்பிகள், உச்சியைத் தொட்டு இறங்கிய ஹிலரிக்கும் தென்சிங்குக்கும் கைகொடுத்தன. திரும்பியவர்களும் அந்தச் சிகரத்தில் பங்குள்ளவர்களே.

பனியும் பனிப்பாறையும் இல்லாத இடத்தில் நடப்பதை மலையேற்றம் என்று சொல்லலாமா என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு நம்மவர்களையே விடையாகக் காட்டலாம். எவரெஸ்டின் உச்சியில் முதன்முதலாகக் கால்வைத்த மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும், நாள் 1997 மே 23. பனி விழாத நாட்டில் பிறந்த தமிழர்கள் இருவர். நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: உச்சியில் நின்றவர்கள் இருவர், அவர்களுக்குக் கீழே முகாம் முகாமாகச் சுமந்தவர்களும் காத்திருந்தவர்களும் ஒரு முழுக் குழு, ஷெர்ப்பாக்களையும் சேர்த்து. பனியில் நடக்கும் நுட்பத்தைச் சில மாதப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். பல நாள் நனைந்து, பசித்து, பக்கத்தில் இருப்பவன் குறட்டையையும் கோபத்தையும் பொறுத்து, அவனை விட்டுவிடாமல் நடப்பதற்குக் குறுக்குப் பயிற்சி கிடையாது. அதைச் சொல்லிக்கொடுக்கத் தித்திவங்சா போதும்.

மூன்றாவது மறுப்பை வயதானவர்கள் சொல்வார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம். காட்டை வெட்டித் தோட்டம் போட்டது நம் பாட்டன்மார். மலேரியாவிலும் பாம்புக்கடியிலும் செத்தது நம் சனம். சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துப் போனதும் தோட்டத்துத் தமிழர்களைத்தான். உயிர்பிழைக்கக் காட்டை விட்டு வெளியே வந்தவனுடைய பேரன், காசு செலவழித்து மறுபடி உள்ளே போகிறானா? இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைகள் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. காட்டோரம் வாழ்ந்தவர்களை வேலிக்குள் குடியேற்றினார்கள். பால்மரம் வெட்டப் போனவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். மலையிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப்பொட்டலத்தைக்கூட வெளியே கொண்டுபோக விடாத இடங்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அரிசியோடு காட்டுப்பக்கம் போவது குற்றமாக இருந்தால், அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வளர்க்கும்? காட்டை வெறுப்பது நம் பண்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். அது சட்டமும் துப்பாக்கியும் விதைத்த பயம். சட்டம் போனபின்னும் பயம் வீட்டுக்குள் தங்கிவிட்டது. பாட்டன் கட்டாயத்தால் போனான், பேரன் விரும்பிப் போகிறான். விரும்பியபோது திரும்பவும் முடியும். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் பாட்டன் பட்ட பாட்டைத்தான் குறைத்துக் காட்டுகிறோம்.

இன்னொரு கேள்வியை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த மலை காலியாக இல்லை. பீடோர், தாப்பா மலையடிவாரத்தில் செமாய் மக்கள் வாழ்கிறார்கள். கோர்பு, யோங் பெலார் பக்கம் தெமியார் மக்கள். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பாதையைச் சேறாக்கி, மீப் பாக்கெட்டும் எரிவாயுக் குப்பியும் வீசிவிட்டு வருவது அவர்கள் குடிக்கும் தண்ணீரின் தலைமாட்டில் குப்பை கொட்டுவதுதான். வனத்துறை அனுமதியும், சான்று பெற்ற மாலிம் குனோங் வழிகாட்டியும் கட்டாயம் என்று விதி இருக்கிறது. விதியோடு நின்றுவிடாமல், வழிகாட்டவும் சுமக்கவும் அந்தந்தக் கம்பத்து ஆட்களையே நியாயமான கூலி கொடுத்து அழைக்க வேண்டும் என்பது என் எண்ணம். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், கினபாலுவுக்கு விமான டிக்கெட் எடுப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். ஓடைக்கரையில் எங்கே கூடாரம் போடக்கூடாது, இந்தப் பள்ளத்தில் வெள்ளம் எத்தனை மணிக்குள் ஏறும் என்பதைச் சொல்ல அவர்களைவிட வேறு ஆள் இல்லை.

பீடோர் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. முதல் நடைக்குக் கோர்பு வேண்டாம். தாப்பாவில் குவாலா வோ பக்கமிருந்து ஏறும் பத்து பூத்தே 2,131 மீட்டர். நம் பத்தாங் பாடாங் மாவட்டத்து மலைதான், கினபாலு பார்த்தவனையும் திணறடிக்கும். மழை வலுக்கும் அக்டோபர், நவம்பரை விட்டுவிடுங்கள். ஒன்றாய்ப் படித்தவர்களாக ஆறு பேர், எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் நீரிடத்தில் நேரம் விரயம். வேகமானவன் ஒருவனைக் கடைசியில் நடக்கும் சுவீப்பராக வையுங்கள். வழக்கமாகச் செய்வதுபோல் மெதுவானவனை அந்த வேலைக்குத் தள்ளாதீர்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லாரும் பையை முழுதாகக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கூடி, தராசில் நிறுத்து, யார் பையிலிருந்து எதை எடுத்து யார் பையில் வைப்பது என்பதை அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.